ஆச்சி ஊருக்குப் போனதும் நின்றுபோன ஜெபம்

போன அக்டோபரில் அம்மாவை டாலஸ் விமான நிலையத்தில் வழியனுப்பிவிட்டு வந்தோம். விசிட்டர் விசாவில் வந்திருந்தார். வழக்கம்போல ஆறு மாதம் தங்க அனுமதி. அந்த ஆறு மாதமும் இரவு எட்டு மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் ஜெபமாலை நடந்தது. தூத்துக்குடியிலிருந்து சேலை மடிப்புக்குள் வைத்துப் பத்திரமாகக் கொண்டுவந்த பனிமய மாதா படம், அதற்கு முன்னால் பேட்டரியில் எரியும் ஒரு மெழுகுவர்த்தி. முதல் நாள் நிஜ மெழுகுவர்த்தியோடு சாம்பிராணியும் போட்டு, ஸ்மோக் டிடெக்டர் அலறி, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டியது தனிக்கதை.

எட்டு வயது மகனும் ஐந்து வயது மகளும் ஆச்சியின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து, பாதி தமிழும் பாதி முணுமுணுப்புமாகச் சொல்வார்கள். மனைவி அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டே பதில் சொல்வாள். நான் மாடியில் லேப்டாப்போடு இருப்பேன். "இந்த மீட்டிங் முடிச்சிட்டு வர்றேம்மா" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பேன். பல நாள் மீட்டிங் முடிவதற்குள் ஜெபமாலை முடிந்திருக்கும்.

அம்மா போய் பத்து நாள் ஆகியிருக்கும். ஒருநாள் ராத்திரி பல் தேய்த்துக்கொண்டே மகன் கேட்டான்: "ஆச்சி போயாச்சுல்ல டாடி, இனிமே நம்ம வீட்ல ப்ரேயர் கிடையாதா?"

குறை சொல்லும் குரல் இல்லை அது. திங்கட்கிழமை ஸ்கூல் லீவா என்று கேட்பானே, அந்த மாதிரி ஒரு தகவலுக்காகக் கேட்டான். அதுதான் என்னை உறுத்தியது. அவன் கணக்கில் ஜெபம் என்பது ஆச்சியோடு வந்து ஆச்சியோடு போகிற விஷயம். அப்பா அம்மாவுக்கும் அதற்கும் சம்பந்தம் இருப்பதாகவே அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றும்படி நாங்களும் நடந்துகொள்ளவில்லை.

அந்தக் கேள்வியிலிருந்துதான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

எல்லாவற்றுக்கும் ஒரு ஆள்

ஐ.டி.யில் இருக்கிறவர்களுக்கு அவுட்சோர்சிங் புதிதில்லை. நம்மில் பாதிப் பேர் அமெரிக்கா வந்ததே அதனால்தான். நம் வீட்டைக் கொஞ்சம் பாருங்கள். கணக்குக்கு ஒரு சென்டர். நீச்சலுக்கு ஒரு கோச். தமிழுக்கு வார இறுதித் தமிழ்ப் பள்ளி. பாட்டுக்கோ பரதத்துக்கோ ஒரு டீச்சர். எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பங்குக் கோயிலில் சி.சி.டி. வகுப்பு, அதாவது ஊரில் நாம் ஞானோபதேசம் என்று சொன்னதன் அமெரிக்க வடிவம். இந்து நண்பர்கள் பாலவிஹாரில் விடுகிறார்கள். முஸ்லிம் நண்பர்கள் மசூதி வகுப்பில் விடுகிறார்கள். மூன்று பேருடைய காரும் ஒரே மாதிரிதான் டிராப்-ஆஃப் வரிசையில் நிற்கிறது. பிள்ளை இறங்கியதும் மூன்று பேரும் காபி கடைக்குத்தான் போகிறோம்.

இதில் எதுவும் தப்பில்லை. எனக்குத் தெரியாத நீச்சலை இன்னொருவர் சொல்லிக்கொடுத்தால் நல்லதுதான். ஆனால் எங்கள் தொழிலில் ஒரு பாலபாடம் உண்டு. சம்பளப் பட்டுவாடாவை வெளியே கொடுக்கலாம், கேன்டீனைக் கொடுக்கலாம்; கம்பெனி எதற்காக நடக்கிறதோ அந்த வேலையை வெளியே கொடுத்துவிட்டால் அப்புறம் அது கம்பெனியே இல்லை. குடும்பத்துக்கும் அப்படி ஒரு மூல வேலை இருக்கிறது. நல்லது எது கெட்டது எது, யாரை மதிக்க வேண்டும், கஷ்டம் வந்தால் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், தப்பு செய்தால் எப்படித் திரும்பி வர வேண்டும் என்று பிள்ளைக்குக் காட்டுவது. அதையும் வெளியே கொடுத்துவிட்டு, கொண்டுபோய் விடும் டிரைவர் வேலையை மட்டும் நாம் வைத்துக்கொண்டோமோ என்பதுதான் என் பயம்.

ஒரு சின்னக் கணக்கு. எங்கள் பங்கில் சி.சி.டி. வகுப்பு ஒன்றேகால் மணி நேரம், ஆண்டுக்குச் சுமார் 30 ஞாயிறு. மொத்தம் 37 மணி நேரம் சொச்சம். ஒரு ஆண்டில் இருப்பது 8,760 மணி நேரம். தூக்கத்தையும் பள்ளியையும் கழித்தாலும் மிச்சம் ஆயிரக்கணக்கில். 37 மணி நேரத்தில் ஒரு தன்னார்வ ஆசிரியை என் பிள்ளைக்கு விசுவாசத்தைக் கொடுத்துவிடுவார், மிச்ச நேரத்தில் நான் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று நம்புவது எந்த புராஜெக்ட் பிளானிலும் தேறாது.

உரிமைக்காகச் சண்டை போட்டவர்கள்

டெக்சாஸில் எங்கள் தமிழ் வாட்ஸ்அப் குழுக்களில் ரொம்ப நாளாக ஒரே பேச்சு: கல்விச் சேமிப்புக் கணக்கு. 2025 மே 3 அன்று ஆளுநர் கிரெக் ஆபட் கையெழுத்திட்ட சட்டம். 100 கோடி டாலர் ஒதுக்கீடு. தனியார் பள்ளியில் சேர்க்க ஒரு பிள்ளைக்கு ஏறத்தாழ 10,000 டாலர் அரசே கொடுக்கும். 2026-27 கல்வியாண்டிலிருந்து நடைமுறை. கத்தோலிக்கப் பள்ளியிலும் பயன்படுத்தலாம். "மாப்ள, அப்ளை பண்ணிட்டியா?", "அந்த ஸ்கூல் ரேட்டிங் எவ்வளவு?", "பப்ளிக் ஸ்கூலுக்குப் போற காசு குறைஞ்சிடாதா?" என்று நூற்றுக்கணக்கில் மெசேஜ். நியாயமான கேள்விகள்தான். ஆனால் அத்தனை மெசேஜிலும், நாம் வீட்டில் என்ன சொல்லிக்கொடுக்கப் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

பிள்ளையின் கல்வியைப் பெற்றோர் தீர்மானிக்கலாம் என்பது இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரிகிறது. ஆனால் அது இந்த நாட்டில் சும்மா கிடைத்ததல்ல. நம்மைப் போல வேறு மொழி பேசி, வேறு கோயிலுக்குப் போன குடியேறிகள் கோர்ட்டுக்குப் போய் வாங்கியது.

முதல் உலகப் போர் முடிந்த சமயம். ஜெர்மன் மொழி மேல் வெறுப்பு. எட்டாம் வகுப்பு தேறாத பிள்ளைக்கு வேற்று மொழி சொல்லித்தரக் கூடாது என்று நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் சட்டம் போட்டது. ராபர்ட் மேயர் என்ற லுத்தரன் பள்ளி ஆசிரியர், பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு விவிலியக் கதைகளை ஜெர்மன் மொழியில் படிக்கச் சொல்லிக்கொடுத்தார். 25 டாலர் அபராதம் விதித்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த லுத்தரன் ஆசிரியருக்காக அங்கே வாதாடிய ஆர்தர் மல்லன் ஒரு ஐரிஷ் கத்தோலிக்கர். 1923-இல் தீர்ப்பு மேயர் பக்கம் வந்தது. சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியில் பிள்ளையை விடும்போது ஒரு நிமிடம் இந்த மனிதரை நினைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஓரிகன். 8 முதல் 16 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் அரசுப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று 1922 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பிலேயே சட்டம் நிறைவேறியது. கு கிளக்ஸ் கிளான் ஆட்கள் அதை முன்னின்று ஆதரித்தார்கள். குறி முக்கியமாகக் கத்தோலிக்கப் பள்ளிகள் மேல். அங்கே பள்ளி நடத்திவந்த இயேசு மரி திருப்பெயர்களின் சகோதரிகள் சபைக் கன்னியர்கள் வழக்குப் போட்டார்கள். 1925 ஜூன் 1 அன்று நீதிபதிகள் அனைவரும் ஒருமனதாக அந்தச் சட்டத்தைச் செல்லாததாக்கினார்கள். பிள்ளை அரசாங்கத்தின் சொத்து அல்ல என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். அது உரிமையை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. பிள்ளையை வாழ்க்கைக்குத் தயாராக்கும் பெற்றோரின் கடமையையும் அதோடு சேர்த்தே சொன்னது.

நூறு ஆண்டு கழித்து, 2025 ஜூன் 27 அன்று, மேரிலாந்து மாநிலத்திலிருந்து வந்த வழக்கிலும் பெற்றோர் பக்கமே தீர்ப்பு வந்தது. தங்கள் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாத சில கதைப்புத்தகங்களை வகுப்பில் வாசிக்கும்போது பிள்ளையை விலக்கிக்கொள்ள அனுமதி கேட்ட வழக்கு அது. முஸ்லிம், கத்தோலிக்க, உக்ரைனிய ஆர்த்தடாக்ஸ் பெற்றோர் ஒன்றாக நின்று நடத்தினார்கள். தீர்ப்பின் சரி தவறு பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். பெற்றோர் உரிமை என்ற வாதம் இன்னமும் இங்கே உயிரோடு இருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரு வாக்கியத்தின் இரண்டு பாதி

திருச்சபை இதைப் பற்றி என்ன சொல்கிறது? இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று கிறிஸ்தவக் கல்வி பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பிள்ளைகளுக்கு முதல் ஆசிரியர்களும் முதன்மை ஆசிரியர்களும் பெற்றோரே என்றும், அவர்கள் இதில் தவறினால் வேறு எதைக் கொண்டும் ஈடுகட்டுவது கடினம் என்றும் அது சொல்கிறது. பள்ளி, பங்கு, அரசு எல்லாம் துணைக்கு வருபவை. பெற்றோரின் இடத்தில் உட்கார வருபவை அல்ல.

திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981-இல் குடும்பம் பற்றி எழுதிய ஊக்கவுரையில் இன்னும் கறாராகச் சொல்கிறார். பெற்றோரின் இந்த உரிமையும் கடமையும் முழுதாக இன்னொருவரிடம் ஒப்படைக்க முடியாதவை. இன்னொருவர் பறித்துக்கொள்ளவும் கூடாதவை. இதுதான் கருத்து.

இந்த இரண்டு பாதிகளையும் கவனியுங்கள். இன்னொருவர் பறிக்கக் கூடாது என்ற பாதிக்காகக் கோர்ட்டுக்குப் போகிறோம், ஓட்டுப் போடுகிறோம், வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிறோம். ஒப்படைக்க முடியாது என்ற பாதியைத்தான் வசதியாக மறந்துவிடுகிறோம். ஓரிகன் அரசாங்கம் பறிக்கப் பார்த்ததை நாமே டிராப்-ஆஃப் வரிசையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருகிறோம். அதுவும் பீஸ் கட்டி.

ஞானஸ்நானத்தின்போது குருவானவர் பெற்றோரைப் பார்த்து, இந்தப் பிள்ளையை விசுவாசத்தில் வளர்க்கும் பொறுப்பை ஏற்கிறீர்களா என்று கேட்பார். என் இரண்டு பிள்ளைகளுக்கும் "ஏற்கிறோம்" என்று சத்தமாகச் சொன்னேன். அந்த வீடியோ கூட இருக்கிறது. "ஏற்பாடு செய்கிறோம்" என்று சொன்னதாக அதில் இல்லை.

எங்கள் கடற்கரையில் நடந்தது

நான் பிறந்த தூத்துக்குடிப் பக்கம் பிரான்சிஸ் சவேரியார் வந்தது 1542-இல். கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டுவாராம். தமிழ் தெரிந்தவர்களின் உதவியோடு மொழிபெயர்த்த ஜெபங்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து, அதை வீட்டில் அப்பா அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சொல்லிக்கொடுக்கச் சொல்லி அனுப்பினார். அவருடைய கடிதங்களிலேயே இது இருக்கிறது. மணி அடித்தது தெருவில் என்றாலும் பாடம் நடந்தது வீட்டில்.

36 ஆண்டு கழித்து, 1578-இல், கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. அண்டிரிக் அடிகளார் தமிழாக்கிய 16 பக்கச் சிறு புத்தகம். இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் ஒரு ஞானோபதேசப் புத்தகம்! ஜெபத்தை மக்கள் தங்கள் சொந்த மொழியில் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் தமிழ் எழுத்துக்கு அச்சு வார்த்தார்கள். தமிழும் ஜெபமும் எங்கள் கரையில் இப்படி ஒன்றாகவே வளர்ந்தவை. இங்கே அமெரிக்காவில் அவை ஒன்றாகவே கைவிட்டுப் போகின்றன. பாட்டி போனால் இரண்டும் போகிறது.

என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் ஜெபத்தை நடத்தியது அப்பா. உப்புக் கம்பெனியில் கணக்கு வேலை. வீடு திரும்பும்போது சட்டை முழுக்க வேர்வையும் உப்பும் காய்ந்து வெள்ளைக் கோடாக இருக்கும். குளித்துவிட்டு வந்து, அவரே பாயை விரித்து, முட்டி போடுவார். அவர் இறையியல் படித்தவர் இல்லை. ஞானோபதேசக் கேள்வி ஒன்றைக் கூட எனக்கு விளக்கியதாக நினைவில்லை. ஆனால் ஒரு விஷயம் மறக்கவில்லை. பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் வீட்டு மனைத் தகராறு, கோர்ட்டில் வழக்கு. இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் ஜெபத்தின் கடைசியில் எல்லோர் பெயரையும் சொல்லும்போது அப்பா பெரியப்பா பெயரையும் சொல்லுவார். தினமும். குரல் கொஞ்சம் இறங்கும், ஆனால் சொல்லிவிடுவார்.

பகைவரை நேசியுங்கள் என்பதை மறையுரையில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அதற்கு அர்த்தம் தெரிந்தது அந்தப் பாயில்தான். அது எவ்வளவு கஷ்டம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. இந்தப் பாடத்தை எந்த வகுப்பில், எந்த ஆசிரியை, எத்தனை டாலருக்குச் சொல்லிக்கொடுக்க முடியும்?

வீட்டில் பாடம் எப்போதும் நடக்கிறது

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். குடும்பம் என்றாலே புனிதம் என்று நான் சொல்லவில்லை. நாம் சொல்லிக்கொடுக்காவிட்டாலும் வீட்டில் பாடம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. சாதி எங்கே கற்றுக்கொள்ளப்படுகிறது? பள்ளியிலா? ஊருக்கு போன் போட்டு "அவங்க நம்மாளுங்கதானா?" என்று நாம் கேட்பதைக் காரின் பின்சீட்டில் இருக்கும் பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கிறது. நிறத்தைப் பற்றிய பேச்சு, சம்பளத்தை வைத்து ஆளை எடைபோடுவது, திருப்பலி முடிந்து பார்க்கிங் லாட்டுக்கு வருவதற்குள் இன்னொரு குடும்பத்தைப் பற்றிப் புறணி பேசுவது, எல்லாமே பாடம்தான். பலிபீடத்துக்கு முன்னால் ஒரே அப்பத்தை வாங்கிவிட்டு வந்து, கல்யாணம் என்றால் வேறு கணக்குப் போடும் கத்தோலிக்கர்கள் நம்மிடையே உண்டு. பிள்ளைகள் முட்டாள்கள் அல்ல. நாம் சொல்வதற்கும் செய்வதற்கும் நடுவில் இருக்கும் தூரத்தை அவர்கள் அளந்துவைத்திருக்கிறார்கள். கல்லூரிக்குப் போனதும் கோயில் பக்கம் வராத பிள்ளைகளைப் பற்றி நாம் வருத்தப்படும்போது, இந்தத் தூரத்தையும் ஒருமுறை அளந்து பார்ப்பது நல்லது.

இன்னொரு பக்கத்தில், இதெல்லாம் வேண்டும் என்று பிள்ளையைக் கயிறு கட்டி இழுப்பதும் கூடாது. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2016-இல் எழுதிய 'அன்பின் மகிழ்வு' ஊக்கவுரையில் பிள்ளை வளர்ப்புக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். பிள்ளையின் ஒவ்வொரு அசைவையும் கட்டுப்படுத்தத் துடிப்பது வளர்ப்பு ஆகாது என்கிறார். பிள்ளை இப்போது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைவிட, அதன் மனசு எங்கே இருக்கிறது, அதன் ஆசையும் பயமும் என்ன என்று தெரிந்துகொள்வதே முக்கியம் என்பது அவர் கருத்து. என் போனில் மகன் இருக்குமிடத்தைக் காட்டும் ஆப் இருக்கிறது. அவன் மனசு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது பல் தேய்க்கும்போது அவன் கேட்ட அந்தக் கேள்வியால்தான்.

"நேரம் எங்கே இருக்கு?"

நண்பர்களிடம் இதைப் பேசும்போது வரும் பதில்கள் எனக்கும் தெரியும். அவை என் பதில்களும்தான்.

நேரம் இல்லை என்பது முதல் பதில். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம், இந்தியா டீமோடு ராத்திரி மீட்டிங், லேஆஃப் பயம், வேலை போனால் எச்-1பி-யில் 60 நாளில் வேறு வேலை பார்க்க வேண்டும் என்கிற நெருக்கடி. பொய்யில்லை. ஆனால் ராத்திரி போனில் ரீல்ஸ் தள்ளும் நேரத்தை போனே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. என்னுடைய எண்ணை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. ஒரு ஜெபமாலைக்கு இருபது நிமிடம் போதும்.

எங்களுக்கே சரியாகத் தெரியாதே என்பது இரண்டாவது. இதற்கு நான் ஒரு தாயைக் காட்டுவேன். 2025 செப்டம்பர் 7 அன்று திருத்தந்தை 14-ஆம் லியோ புனிதராக அறிவித்த கார்லோ அகுதிஸை நம் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கும். 1991-இல் லண்டனில் பிறந்து இத்தாலியில் வளர்ந்து, கம்ப்யூட்டரில் விளையாடி, நற்கருணை அற்புதங்களுக்கு ஒரு வெப்சைட் கட்டி, 2006-இல் 15 வயதில் ரத்தப் புற்றுநோயில் இறந்த பையன். நம் தொழிலுக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற புனிதர். அவனுடைய அம்மா அந்தோனியா சல்சானோ வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்: புதுநன்மை, உறுதிபூசுதல், திருமணம் ஆகிய மூன்றுக்கும் தவிர அவர் அதற்குமுன் திருப்பலிக்குப் போனதில்லையாம். மகன் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரியாமல்தான் அவர் இறையியல் படிக்கப் போனார். ஆக, எல்லாம் தெரிந்த பிறகு சொல்லிக்கொடுக்கலாம் என்று காத்திருக்க வேண்டியதில்லை. தெரியாது என்று ஒப்புக்கொண்டு கூடவே படிக்க உட்கார்ந்தாலே போதும். சவேரியார் மணி அடித்த கரையில் நடந்ததும் இதுதான். பிள்ளைகள்தான் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்.

மூன்றாவது பதில்: "பதினெட்டு வயசானதும் அவங்களே முடிவு பண்ணட்டுமே." கேட்க நியாயமாக இருக்கிறது. விசுவாசத்தை யார் மேலும் திணிக்க முடியாது என்பதை 1965-இலேயே வத்திக்கான் சங்கம் தெளிவாகச் சொல்லிவிட்டது. கடைசி முடிவு பிள்ளையுடையதுதான். ஆனால் நீச்சலையோ கணக்கையோ பதினெட்டு வயது வரை தள்ளிப்போடுகிறோமா? உள்ளே காலே வைக்காத வீட்டை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒருவன் எப்படி முடிவு செய்வான்? கதவைத் திறந்து, உள்ளே விளக்கேற்றி வைப்பது நம் வேலை. தங்குவதும் கிளம்புவதும் அவன் விருப்பம்.

சில வீடுகளில் அம்மா ஒருவரே எல்லாவற்றையும் சுமக்கிறார். சில வீடுகளில் விசா காரணமாக ஒருவர் இங்கே, ஒருவர் ஊரில். சில வீடுகளில் கணவனும் மனைவியும் வெவ்வேறு மதம். அவர்களுக்கெல்லாம் ஒரே சூத்திரத்தை நீட்ட எனக்கு யோக்கியதை இல்லை. இங்கேதான் பங்கும் சமூகமும் துணைக்கு வர வேண்டும். டெக்சாஸிலும் நியூ ஜெர்சியிலும் பே ஏரியாவிலும் மாதம் ஒருமுறை தமிழ்த் திருப்பலிக்குக் கூடுகிறோமே, முடிந்ததும் பிரியாணிப் பொட்டலத்தோடு கலைந்துவிடாமல், பெற்றோர் ஒரு அரைமணி நேரம் உட்கார்ந்து "உங்க வீட்ல எப்படிச் சமாளிக்கிறீங்க?" என்று ஒருவரையொருவர் கேட்டாலே பெரிய உதவியாக இருக்கும்.

இப்போது எங்கள் வீட்டில்

பெரிய சாதனை எதுவும் இல்லை. எட்டரை மணிக்குப் பதினைந்து நிமிடம். ஜெபமாலையில் ஒரு பத்து மணி மட்டும். வாரத்தில் மூன்று நாள் தமிழில், மற்ற நாள் ஆங்கிலத்தில். மகன் தமிழில் சொல்லும்போது 'ழ' எங்கோ போய்விடுகிறது. மாதா புரிந்துகொள்வார். கடைசியில் ஆளுக்கு ஒரு பெயர் சொல்ல வேண்டும், அன்றைக்கு யாரோடு சண்டையோ அந்தப் பெயர். மகள் பெரும்பாலும் அண்ணன் பெயரைச் சொல்கிறாள். நான் ஒருநாள் ஆபீஸில் என்னோடு மல்லுக்கட்டிய ஒருவர் பெயரைச் சொன்னேன். "ஹூ இஸ் தட், டாடி?" என்றான் மகன். விளக்கினேன். எங்கள் அப்பா குரல் ஏன் இறங்கியது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

ஆன்-கால் வாரத்தில் இரண்டு நாள் தவறிவிடுகிறது. ஒருநாள் கோபத்தில் பிள்ளையைத் திட்டிவிட்டு, ஜெபத்துக்கு உட்கார முகமில்லாமல் உட்கார்ந்து, முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் சிலுவை அடையாளமே போட்டோம். சி.சி.டி. வகுப்பு தொடர்கிறது. அந்த ஆசிரியை மேல் எனக்கு மரியாதை கூடித்தான் இருக்கிறது. இப்போது அவரை ஒரு வென்டராக இல்லாமல் கூட வேலை செய்பவராகப் பார்க்கிறேன். மகனுக்கு அடுத்த மே மாதம் புதுநன்மை.

அதற்கு அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார். மாதா படத்தை இந்தத் தடவை கொண்டுவர வேண்டாம், அது இங்கேயே, ஹாலில், வைத்த இடத்தில்தான் இருக்கிறது என்று போனில் சொன்னேன். ஜெபத்தை இனி ஆச்சி வந்து ஆரம்பிக்கக் கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஜெபத்தில் அவர் வந்து உட்கார வேண்டும். ஆறு மாதம் கழித்து அவரை மறுபடி விமான நிலையத்தில் விட்டுவிட்டு வரும் அன்றைக்கு ராத்திரியும், எட்டரை மணிக்கு, அது நடக்க வேண்டும்.